1892: மெம்பிஸ் மளிகைக் கடையும் எங்கள் ஒன்றரை ஏக்கரும்

(கோவையில் இளைஞர்கள் கூட்டிய வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முப்பத்தோரு வருஷம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். கரும்பலகையில் 1885 என்று எழுதினால் காங்கிரஸ் என்பார்கள். 1893 என்று எழுதினால் நாலு பிள்ளைகளாவது சிகாகோ, விவேகானந்தர் என்று கை தூக்கிவிடுவார்கள். 1892 என்று எழுதிவிட்டுத் திரும்பினால் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும். பிள்ளைகள் மேல் தப்பில்லை. பாடநூலில் அந்த வருஷமே கிடையாது. எனக்கும்கூட ஓய்வு பெற்ற பிறகு, தொலைந்துபோன எங்கள் குடும்ப நிலத்தைத் தேடப் போனபோதுதான் அந்த வருஷம் அறிமுகமானது. நிலக்கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அமெரிக்கா வரைக்கும் ஒரு நடை போய்வர வேண்டும்.

கோயமுத்தூர்க்காரனுக்கு அமெரிக்காவோடு என்ன வேலை என்று கேட்கலாம். பருத்திதான் பழைய சம்பந்தம். 1861 முதல் 1865 வரை அங்கே உள்நாட்டுப் போர் நடந்தபோது அடிமைகள் பறித்த பருத்தி இங்கிலாந்து ஆலைகளுக்குப் போவது நின்றுபோனது. இந்தியப் பருத்தியின் விலை ஏறியது, கோவைச் சீமைக்காரர்களும் நாலு காசு பார்த்தார்கள். அந்தப் போரின் முடிவில்தான் அங்கே அடிமை முறை ஒழிந்தது. அதைப் பார்த்து நம்மவர்களில் உடனே விழித்துக்கொண்டவர் ஜோதிராவ் புலே. 1873-இல் அவர் எழுதிய 'குலாம்கிரி' நூலை, அடிமை விடுதலைக்காக நின்ற அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கை ஆக்கினார். ஆக, அங்கே நடந்ததை இங்கே வைத்துப் பார்ப்பது நான் கண்டுபிடித்த வித்தை கிடையாது. நம் முன்னோர் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே செய்த வேலை.

1892-ஐ அமெரிக்கப் பாடநூல்கள் வேறு மாதிரி நினைவு வைத்திருக்கின்றன. ஜனவரி 1-ஆம் தேதி நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு திறக்கப்பட்டது. கப்பலில் வந்து இறங்கும் ஐரோப்பிய ஏழைகளுக்கு அதுதான் வாசல். அதே ஆண்டு மே மாதம், சீனத் தொழிலாளர் உள்ளே வருவதற்கான தடையை இன்னும் பத்தாண்டு நீட்டித்து, ஏற்கெனவே உள்ளே இருக்கும் சீனர்கள் எந்நேரமும் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் போட்டார்கள். ஒரு கதவு திறக்க, இன்னொரு கதவு சாத்தப்பட்டது. ஜூலையில் ஹோம்ஸ்டெட் என்ற ஊரில் கார்னகியின் இரும்பாலைத் தொழிலாளர்களுக்கும் முதலாளி கூலிக்குப் பிடித்த ஆயுதக் கும்பலுக்கும் சண்டை நடந்து இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. அக்டோபரில் பள்ளிப் பிள்ளைகள் கொடியைப் பார்த்து, எல்லோருக்கும் விடுதலையும் நீதியும் என்று உறுதிமொழி சொல்லத் தொடங்கினார்கள். கொலம்பஸ் வந்து நானூறு வருஷம் ஆன கொண்டாட்டத்துக்காக எழுதப்பட்ட உறுதிமொழி அது.

அந்தப் பிள்ளைகள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஆண்டில்தான் அந்த நாட்டில் கும்பல் கொலைகள் உச்சத்தில் இருந்தன. டஸ்கிகி நிறுவனம் பின்னர் தொகுத்த கணக்குப்படி 1892-இல் மட்டும் கும்பலால் கொல்லப்பட்டவர்கள் 230 பேர். அதில் 161 பேர் கறுப்பின மக்கள்.

அவர்களில் மூன்று பேரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். டென்னசி மாநிலத்தில் மெம்பிஸ் நகரம். ஊருக்கு வெளியே டிராம் வண்டி வளைந்து திரும்புகிற இடத்தில் கறுப்பின மக்கள் நிறைய வாழும் ஒரு பகுதி. அங்கே அதுவரை ஒரே ஒரு மளிகைக் கடை, வெள்ளைக்காரருடையது. அவர் வைத்ததுதான் விலை. தாமஸ் மாஸ் என்கிற கறுப்பின இளைஞர் தபால்காரர், அதாவது அரசாங்க உத்தியோகம். அவரும் நண்பர்களும் பங்கு போட்டு எதிரிலேயே 'மக்கள் மளிகை' என்று ஒரு கடை திறந்தார்கள். பகலில் தபால் கொடுப்பார், மாலையில் கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார். தங்கள் ஆள் கடை, சரியான எடை, மரியாதையான பேச்சு. கூட்டம் இங்கே வந்துவிட்டது.

அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கோலிக்குண்டு விளையாடிய பையன்களுக்குள் சண்டை. அது பெரியவர்கள் சண்டையாகி, வழக்காகி, ஒரு சனிக்கிழமை இரவு கடையை ஆயுதத்தோடு சூழ்ந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் திருப்பிச் சுட்டதில் மூன்று வெள்ளையர்களுக்குக் காயம். கறுப்பர் பகுதியில் வீடு வீடாகப் புகுந்து ஆட்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். மார்ச் 9 அதிகாலையில் ஒரு கும்பல் சிறைக்குள் போய் தாமஸ் மாஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் மூவரையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றது. கடைச் சரக்கு சூறை போனது. கடைசியில் கடன்காரர்கள் கடையை மூடினார்கள். எதிர்க்கடைக்குப் போட்டி தீர்ந்தது.

தாமஸ் மாஸின் மகளுக்கு ஞானத்தாயாக இருந்தவர் ஐடா பி. வெல்ஸ். 1862-இல் மிசிசிப்பியில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர், பள்ளி ஆசிரியை, பிறகு பத்திரிகைக்காரர். (ரயிலில் பெண்கள் பெட்டியிலிருந்து எழுந்து போகச் சொன்ன நடத்துநரின் கையைக் கடித்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1884-இல் ரயில் கம்பெனி மேல் வழக்குப் போட்டு ஐந்நூறு டாலர் வென்றார். 1887-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது.) 1892-இல் அவருக்கு முப்பது வயது.

அவர் தன் எழுத்தில் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். தென்மாநிலங்களில் எங்காவது கும்பல் கொலை நடந்தால், பெண்ணிடம் தப்பாக நடந்திருப்பான், ஆத்திரத்தில் அடித்திருப்பார்கள் என்ற பேச்சை அவரும் ஓரளவு நம்பித்தான் இருந்தார். தாமஸ் மாஸ் செத்த பிறகுதான் அந்த நம்பிக்கை உடைந்தது. மாஸ் எந்தப் பெண்ணையும் பார்க்கவில்லை, கடை வைத்தார், அவ்வளவுதான். அப்படியானால் மற்றவர்கள்? அவர் கணக்கெடுக்க ஆரம்பித்தார். கறுப்பர்கள் சொன்ன எண்ணிக்கையை வைத்தால் மிகைப்படுத்துகிறாள் என்பார்கள் என்று வெள்ளையர் நடத்திய 'சிகாகோ டிரிப்யூன்' வெளியிட்ட பட்டியலையே எடுத்துக்கொண்டார். எட்டு வருஷத்தில் 728 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குப் பேர் மேல்தான் பாலியல் குற்றச்சாட்டே சொல்லப்பட்டிருந்தது, நிரூபிக்கப்பட்டதைச் சொல்லவில்லை. அந்த மூன்றில் ஒரு பங்கிலும் பல, இரண்டு பேரும் விரும்பிப் பழகியது வெளியே தெரிந்ததும் குற்றமாக மாற்றப்பட்டவை.

இதை மே மாதம் தன் பத்திரிகையில் ஒரு சின்னத் தலையங்கமாகக் கோடிகாட்டினார். பத்திரிகை அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. அவர் அப்போது வெளியூரில் இருந்ததால் தப்பினார். திரும்பினால் கொலை என்று சொல்லிவிட்டார்கள். நியூயார்க்கில் இருந்தபடியே அக்டோபரில் அந்தக் கணக்கு முழுவதையும் சிறுநூலாகப் போட்டார். ஃபிரெடரிக் டக்ளஸ் அதற்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

தலையங்கத்துக்கு முன்பே மெம்பிஸ் மக்கள் ஒன்று செய்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டி ஊரைவிட்டு மேற்கே போனார்கள். இருந்தவர்கள் டிராமில் ஏறுவதை நிறுத்தினார்கள். டிராம் கம்பெனி அதிகாரிகள் ஐடா வெல்ஸின் அலுவலகத்துக்கே வந்து, உங்கள் ஆட்களை வண்டியில் ஏறச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். எனக்குப் பிடித்த இடம் இது.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

2015 ஜூன் மாதம். சேலம் மாவட்டம் ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ், பொறியியல் படித்தவர், திருச்செங்கோடு மலைக்கோயிலில் தன்னோடு படித்த பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கொண்டுபோனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் உடல். முதலில் தற்கொலை என்றார்கள். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே பட்டப்பகலில் சங்கர். அவரும் பொறியியல் மாணவர். அந்தக் காட்சியைக் கேமராப் பதிவில் நாம் எல்லோரும் பார்த்தோம். பார்க்காதவர்கள் பார்க்க வேண்டாம்.

இந்த இரண்டு கொலைகளுக்கும் நடுவிலும் முன்னும் பின்னும் நம் டீக்கடைகளில் என்ன பேசினார்கள்? 'நாடகக் காதல்.' ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு நம் பெண்களை மயக்குகிறார்கள் என்று ஒரு பெரிய தலைவர் மேடையிலேயே பேசினார். பெண்ணின் மானம், குடும்ப மானம், குல மானம். 1892 மெம்பிஸில் பேசியதற்கும் இதற்கும் ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தால் சொல்லுங்கள்.

ஐடா வெல்ஸ் செய்ததை நாமும் செய்வோம். சொல்லப்பட்ட காரணத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, பின்னால் கடை எங்கே இருக்கிறது என்று தேடுவோம். கோகுல்ராஜிடம் மளிகைக் கடை இல்லை, பொறியியல் பட்டம் இருந்தது. சங்கருக்கு இன்னும் பட்டம்கூட வரவில்லை, வரப்போகிறது என்ற நிலை. எங்கள் வளவில் முதன்முதலில் ஒரு பையன் புல்லட் வண்டி வாங்கியபோது, ஊருக்குள் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்றார்கள். அந்தப் பையன் யாரையும் காதலிக்கவில்லை, கடன் போட்டு வண்டி வாங்கினான். இவர்களுக்கு வலிப்பது பெண் விஷயம் என்றால் வண்டியை ஏன் தள்ளச் சொல்ல வேண்டும்? இதை உளவியல் என்று சொல்லி மழுப்பாதீர்கள். பண்ணயத்துக்கு ஆள் குறைவதும், வட்டிக்கு விட்ட பணம் திரும்பிவிடுவதும், 'பண்ணாடி' என்று கூப்பிட ஆள் இல்லாமல் போவதும்தான் இதற்குள் இருக்கிறது.

அதற்காகப் பெண்ணைப் பற்றிய பேச்சு வெறும் சாக்கு என்று நான் சொல்லமாட்டேன். அகமணம் இல்லாமல் சாதி நிற்காது என்று அம்பேத்கர் 1916-இல் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே, கட்டுரை வாசித்துவிட்டார். நிலம் கைமாறாமல் இருப்பதும் பெண் சாதி மாறாமல் இருப்பதும் ஒரே வேலியின் இரண்டு பக்கங்கள். ஐடா வெல்ஸும் இரண்டையும் சேர்த்துத்தான் பார்த்தார்.

மெம்பிஸில் அச்சகம் நொறுங்கிப் பத்துப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. 1892 ஜூன் 7, நியூ ஆர்லியன்ஸ். ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தொழிலாளி முதல் வகுப்புச் சீட்டு வாங்கி, வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்தார். செருப்புத் தொழிலாளி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய எட்டுக் கொள்ளுப் பாட்டன் பாட்டிகளில் ஒருவர்தான் கறுப்பினத்தவர். பார்த்தால் வெள்ளைக்காரர் மாதிரியே இருப்பார். பேசாமல் உட்கார்ந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் லூசியானா மாநிலம் 1890-இல் போட்ட தனிப்பெட்டிச் சட்டத்தை நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டும் என்று அந்த ஊர்க் குடிமக்கள் குழு ஒன்று முடிவெடுத்திருந்தது. அதனால் தான் யார் என்பதை அவரே வெளிப்படையாகச் சொல்லி, எழுந்திருக்க மறுத்து, கைதானார். நான்கு வருஷம் கழித்து, 1896 மே 18-இல், உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெட்டி தனியாக இருக்கலாம், சமமாக இருந்தால் சரி என்றார்கள். மறுத்து எழுதிய ஒரே நீதிபதி ஹார்லன் அந்த மறுப்புரையில் 'சாதி' என்ற சொல்லையே பயன்படுத்தினார்.

பிளெஸ்ஸியைப் படித்தபோது எனக்கு நம் கோவையில் படித்த ஒரு மாணவன்தான் நினைவுக்கு வந்தான். செங்கல்பட்டுப் பக்கம் பிறந்து, இங்கே வந்து கலாசாலையில் சேர்ந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1939-இல் வெளிவந்த 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற தன்வரலாற்றில் இந்த ஊர் அனுபவத்தை எழுதியிருக்கிறார். சுமார் நானூறு பிள்ளைகள், பத்துப் பேர் தவிர எல்லாரும் பிராமணர்கள். மற்ற பிள்ளைகளோடு பழகினால் குலம் என்ன, குடும்பம் எது, இருப்பிடம் எங்கே என்று கேட்பார்கள். தெரிந்துவிட்டால் தாழ்வாக நடத்துவார்கள் என்று பயந்து, பள்ளிக்கு வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்து வகுப்பு தொடங்கும்போதுதான் உள்ளே போவார். சேர்ந்து விளையாட முடியாததை நினைத்து வேதனைப்பட்டதாகவும் எழுதியிருக்கிறார்.

ஒருவர் தான் யார் என்று சொல்லி உள்ளே நுழைய வேண்டியிருந்தது. இன்னொருவர் தான் யார் என்று சொல்லாமல் நுழைய வேண்டியிருந்தது. நம் ஊரில் எத்தனை விடுதி மாணவர்கள் இன்றைக்கும் மணி அடிக்கிற நேரம் பார்த்து வகுப்புக்குள் போகிறார்கள் என்று இங்கே இருக்கிற கல்லூரிப் பிள்ளைகள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். சீனிவாசன் பிறகு நீலகிரியில் வெள்ளைக்காரக் கம்பெனிகளில் கணக்கர் வேலை பார்த்து, 1890 வாக்கில் சென்னைக்குப் போனார். வெளியில் உட்கார்ந்து ஒளிந்து படித்த அந்த மனிதர் 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கியபோது வைத்த பெயர் 'பறையன்'. பிளெஸ்ஸி ரயில் பெட்டியில் செய்ததை அவர் பத்திரிகையின் முகப்பில் செய்தார்.

நீலகிரி என்றதும் அயோத்திதாசரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. மேட்டுப்பாளையத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிற அந்த மலையில்தான் 1891 டிசம்பர் 1-ஆம் தேதி திராவிட மகாஜன சபையின் மாநாட்டை அவர் கூட்டினார். பொதுக்கிணறு, பொதுக்குளம், கச்சேரிகளில் மற்றவர்களோடு சமமாக உட்காரும் உரிமை, சிறையில் சாதி பார்த்து இழிவேலை கொடுக்கும் விதியை நீக்குவது என்று பத்துத் தீர்மானங்கள். நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சிறையில் சாதி பார்த்து வேலை கொடுக்கும் விதிகள் செல்லாது என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2024 அக்டோபரில்.

அடுத்த ஆண்டு, 1892-இல், சென்னை விக்டோரியா மண்டபத்தில் மகாஜன சபைக் கூட்டம். நீலகிரிப் பிரதிநிதியாக அயோத்திதாசர் போனார். விஷ்ணு, சிவன் கோயில்களுக்குள் எங்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். தஞ்சாவூர்ப் பிரதிநிதி எழுந்து, உங்கள் குலத்துக்கு மதுரைவீரன், காட்டேரி எல்லாம் கொடுத்திருக்கிறோமே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்குரியவர்கள் அல்லர் என்றார். பின்னாளில் 'தமிழன்' இதழில் அயோத்திதாசரே இதை எழுதினார். கவனியுங்கள், உனக்குத் தனிச்சாமி, எனக்குத் தனிச்சாமி. நியூ ஆர்லியன்ஸில் தனிப்பெட்டி. அமெரிக்க நீதிபதிகள் 1896-இல் எழுதிய தீர்ப்பை நம்மவர்கள் நான்கு வருஷம் முன்னாடியே விக்டோரியா மண்டபத்தில் வாசித்துவிட்டார்கள்.

அயோத்திதாசர் என்ன செய்தார் தெரியுமா? அப்படியென்றால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எங்கள் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி வேண்டும், ஊர்களில் சும்மா கிடக்கும் தரிசு நிலம் வேண்டும் என்று கேட்டார். கோயில் வாசலில் மறித்தவரிடமிருந்து முகத்தைத் திருப்பி நேராகப் பள்ளிக்கூடத்துக்கும் மண்ணுக்கும் போனார். பின்னால் கடை எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

அதே 1892 செப்டம்பர் 30-இல் சென்னை அரசாங்கம் 1010 என்ற எண்ணில் ஓர் ஆணை போட்டது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது இந்த ஆணையில் தொடங்குகிறது. செங்கல்பட்டில் ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் என்கிற ஆங்கிலேயர் அங்கிருந்த பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதியிருந்தார். சட்டப்படி 1843-லேயே அடிமை முறை போய்விட்டது. ஆனால் ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்தும் கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்தார்கள். குடிசை போட்ட இடம்கூட மிராசுதாருடையது, எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்யச் சொல்வார். புறம்போக்கைக் கேட்டுப் போனால் அதிலும் மிராசுதாருக்குத்தான் முன்னுரிமை. கவுடி, ஆடம் ஆண்ட்ரூ போன்ற பாதிரியார்களும் இதைப் பற்றி விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். நிலக்காரர்களைப் பகைக்க வேண்டாம் என்று நினைத்த அதிகாரிகள் அரசுக்குள்ளேயே இருந்தார்கள், அதனால் ஆணை வந்தபோது அது தயங்கித் தயங்கித்தான் வந்தது. ஆனாலும் வந்தது. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் மாகாணத்தின் பிற மாவட்டங்களிலும் நிபந்தனையோடு நிலம் கொடுத்தார்கள். பத்து வருஷத்துக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் கைமாற்றலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது நிபந்தனை. 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன.

அமெரிக்காவிலும் விடுதலையான அடிமைகளுக்கு 1865-இல் நாற்பது ஏக்கர் என்றார்கள். கொடுத்ததையும் அதே வருஷம் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் பிடுங்கிப் பழைய முதலாளிகளிடமே கொடுத்துவிட்டார். பட்டப்பகலில், உத்தரவு போட்டுப் பிடுங்கினார். நம் ஊரில் அப்படி யாரும் உத்தரவு போடவில்லை. ஆணை அப்படியேதான் இருக்கிறது. நிலத்தைத்தான் காணோம்.

எங்கள் கதை இதுதான். அவிநாசிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். அப்பாரு காலத்தில், சுதந்திரத்துக்கு முன்னால், ஒன்றரை ஏக்கர் கொடுத்தார்கள். சரளை மண், வானம் பார்த்த பூமி. கொள்ளும் சோளமும் போட்டதாக ஆத்தா சொல்லும். எங்களவர்கள் தைத்துக்கொடுத்த தோல் பரியில்தான் ஊர் முழுக்கக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தார்கள். எங்கள் பூமியில் மட்டும் கிணறு வெட்ட வழியில்லை. அத்தை கல்யாணத்துக்கு அப்பாரு முந்நூறு ரூபாய் கடன் வாங்கினார். பண்ணாடி ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று அப்பாருக்குத் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து உழப் போனபோது, "ஏண்டா, இது உன் பூமியா?" என்று கேட்டது பண்ணாடியின் மகன். அவனுக்கு அப்போது பதினாறு வயசு, அப்பாருக்கு ஐம்பது. அப்பாரு கலப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். அவர் சாகிற வரைக்கும் அந்தத் தடத்தில் நடந்ததில்லை, சுற்றுவழியில்தான் போவார். இன்றைக்கு அங்கே தென்னந்தோப்பு. தோப்புக்கு நடுவில் கிணறு.

நான் போய்க் கேட்ட அலுவலகத்தில், அப்படி ஒரு வகைப்பாடே கணக்கில் இல்லை சார் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள். கணினிச் சிட்டாவில் இல்லைதான். 1980-களில் நிலப்பதிவுகளைப் புதுப்பித்துத் திருத்தி எழுதினார்கள் அல்லவா, அதற்குப் பின்னால் வந்த ஏடுகளில் அந்தக் குறிப்புக் கட்டம் காலியாக இருக்கிறது. அதற்கு முந்தைய ஏட்டைக் கேட்டு மூன்று முறை மனுப் போட்டேன். மூன்றாவது முறை ஒரு நகல் வந்தது. செல்லரித்த தாளின் நகல். சர்வே எண்ணுக்கு நேரே 'டி.சி.' என்று இரண்டு எழுத்து. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிபந்தனையோடு கொடுத்தது என்பதற்கு ஆங்கிலத்தில் அடையாளம். அந்த இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் 1892-ஐத் தேடிப் படித்தேன். அப்பாருக்கு அந்த இரண்டு எழுத்து தெரிந்திருந்தால், பண்ணாடி வாங்கிய கைநாட்டு செல்லாது என்று தெரிந்திருக்கும். தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

சொன்னவர்களுக்கு என்ன ஆனது என்பதும் நமக்குத் தெரியும். 1994 அக்டோபர் 10, பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் செங்கல்பட்டில் துப்பாக்கிச்சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் விட்டார்கள். டிரெமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே செங்கல்பட்டு.

கொங்கில் நிலம் போனவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூர். விடிவதற்குள் பெரிய வீட்டுச் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து கீழே இருந்த வீடுகள் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள், எல்லோரும் அருந்ததியர்கள். மழை என்றார்கள். சரி, மழை. அந்தச் சுவருக்கு அவ்வளவு உயரம் எதற்கு, அதன் அடியில் அவர்கள் ஏன் குடியிருந்தார்கள், வேறு எங்கே இடம் இருந்தது என்று கேட்டால் பேச்சு மழையைத் தாண்டி நிலத்துக்கு வந்துவிடும்.

அமெரிக்காவில் கும்பல் கொலைக்கு எதிரான மசோதாவை ஒரு கறுப்பின உறுப்பினர் முதன்முதலில் 1900-இல் கொண்டுவந்தார். அது சட்டமானது 2022 மார்ச்சில். அதே வருஷம் ஜனவரியில்தான் லூசியானா ஆளுநர் பிளெஸ்ஸிக்கு மன்னிப்பு வழங்கினார், அவர் செத்துத் தொண்ணூற்றேழு வருஷம் ஆன பிறகு. ஐடா வெல்ஸுக்கு 2020-இல் புலிட்சர் சிறப்பு விருது. நம் நாட்டில் மணவுரிமையில் தலையிடும் சாதிக் கூட்டங்களுக்கு எதிராக ஒரு தனிச் சட்ட வரைவை இந்தியச் சட்ட ஆணையம் 2012-இல் தன் 242-ஆவது அறிக்கையில் கொடுத்தது. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நூற்றிருபது வருஷம் காத்திருக்க எனக்கு வயதில்லை.

எங்கள் நிலத்துக்கான மனு இப்போது மேல்முறையீட்டில் இருக்கிறது. என் மகள் கேட்கிறாள், ஒன்றரை ஏக்கர் சரளைக்கு இத்தனை அலைச்சலா என்று. அங்கே இப்போது ஏக்கர் என்ன விலை என்று அவளுக்குத் தெரியாது. விலை தெரிந்தவர்கள் எனக்கு ஆள் அனுப்பிப் பேசிப் பார்த்துவிட்டார்கள்.

கடைசியாக ஒரு வேலை விஷயம். உங்கள் வளவிலும் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு காலத்தில் நமக்கு பூமி இருந்தது என்று யாராவது ஒருவர் சொல்வார். சர்வே எண் தெரியாவிட்டால் பரவாயில்லை, தடத்தின் பெயர், பக்கத்துத் தோட்டத்தின் பெயர் தெரிந்தால் போதும், ஆரம்பிக்கலாம். 1980-க்கு முந்தைய ஏட்டின் நகல் வேண்டும் என்று தெளிவாகக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய சிட்டாவையே அச்சடித்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தகவல் உரிமை மனுவின் மாதிரி முப்பது படி எடுத்து வந்திருக்கிறேன், பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பும் ஒரு கட்டு இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன், வாருங்கள், எழுதலாம்.